லடாக் பாறைகளைப் படம் எடுப்பது: தர்மபுரி, கிருஷ்ணகிரி நண்பர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கோடையில் லடாக் கிளம்பும் நம்ம ஊர்க்காரர்கள் அனுப்பிய கேள்விகளில் பாறை, மலை, மணல் சம்பந்தப்பட்டதை மட்டும் எடுத்திருக்கிறேன். பைக் வாடகை, அறை விவரமெல்லாம் என்னைவிட நன்றாகச் சொல்ல ஆள் இருக்கிறார்கள்.

ஓசூரிலிருந்து: அண்ணா, போன வருஷம் போய் வந்தேன். எங்கே திருப்பினாலும் பழுப்பு மலை, எல்லாப் படமும் ஒரே மாதிரி. எங்கே தப்பு?

பத்து மணிக்கு மேல் எடுத்திருப்பீர்கள் தம்பி. அங்கே மழை வருஷத்துக்குச் சுமார் 100 மில்லிமீட்டர்தான், மலையை மூட மரமே கிடையாது. அதனால் உருவத்தைக் காட்டுவது நிழல் மட்டும்தான், உச்சி வெயிலில் அதுவும் போய்விடும். விடிந்ததும் ஒன்றரை மணி நேரம், சாயங்காலம் அதே அளவு, வெளிச்சம் பக்கவாட்டில் விழும்போது எடுங்கள்.

அடுத்தது, எதைக் காட்டப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். லே ஊருக்கு வடக்கே இருப்பது வெளிர் சாம்பல் கிரானைட் மலைத்தொடர், இந்தியத் தட்டு (இந்தியாவைச் சுமக்கும் பூமி ஓட்டின் துண்டு) ஆசியாவை நோக்கி நகர்ந்தபோது, நடுவில் இருந்த கடலின் தரை ஆசியாவுக்கு அடியில் செருகியதால் எழுந்த பாறைக்குழம்பில் பிறந்தது. சிந்து நதியைத் தாண்டி ஹெமிஸ், உப்ஷி பக்கம் போனால் கதையே வேறு: ஆறுகள் கொண்டுவந்து கொட்டிய மணலும் சேறும் கல்லாகி, தட்டுகள் மோதிய நெருக்கலில் சாய்ந்து, சில இடங்களில் செங்குத்தாகவே நிற்கின்றன. சிவப்பு, பச்சை, ஊதா என்று பட்டை பட்டையாக இருக்கும். அங்கே வானத்தை மொத்தமாக விட்டுவிட்டு, தூரத்தைக் கிட்டத்தில் இழுக்கும் 70-200 லென்ஸில் அடுக்குகளை மட்டும் நிரப்பிப் பாருங்கள். கிரானைட் பக்கம் அது எடுபடாது. பள்ளத்தாக்கு வாயிலிருந்து விசிறி மாதிரி விரிந்து கிடக்கும் கற்குவியலை, எதிர்ப்பக்கம் கொஞ்சம் உயரத்தில் நின்று அகல லென்ஸில் எடுக்க வேண்டும்.

பாலக்கோட்டிலிருந்து: லாமயுருவில் நிலாத் தரை மாதிரி இருக்கும் மூன்லேண்ட் எப்போது நன்றாக வரும்?

வெயில் சாய்ந்த பிறகு. அது ஒரு காலத்தில் ஏரியின் அடிவண்டல், மஞ்சள் நிற மென்மண். தண்ணீர் அறுத்த சிறு சிறு வரப்புகள்தான் அதன் அழகு, அவற்றுக்குள் நிழல் விழவில்லை என்றால் வெறும் மஞ்சள் சுவர். நெடுஞ்சாலையில் மதியம் வண்டியை நிறுத்தி எடுத்துவிட்டுப் போகிறார்கள், பார்க்கவே வருத்தமாக இருக்கிறது. ஒரு இரவு அங்கே தங்குங்கள்.

கிருஷ்ணகிரியிலிருந்து: போலரைசர் (பளபளப்பைக் குறைக்கும் ஃபில்டர்) போட்டால் வானத்தில் ஒரு பக்கம் கருப்பாகிவிடுகிறது. ஃபில்டர் மட்டமா?

ஃபில்டரில் குறை இல்லை. 3,500 மீட்டர் உயரத்தில் காற்றும் தூசியும் குறைவு, வானம் ஏற்கெனவே கரு நீலம். சூரியனிலிருந்து 90 பாகை தள்ளியுள்ள பகுதியில்தான் போலரைசர் பலமாக வேலை செய்யும், அகல லென்ஸில் அந்தப் பகுதி மட்டும் தனியாக இருட்டாகத் தெரியும். வானம் வரும் படத்துக்குக் கழற்றிவிடுங்கள். பாங்காங் ஏரியில் கரையோரத் தண்ணீருக்கு அடியில் உள்ள கற்களைக் காட்டவும், சிந்து நதிக்கரையில் கருமையேறிய பாறைகளின் பளபளப்பை அடக்கவும் போடுங்கள். அந்தக் கருமை இரும்பு, மாங்கனீசு ஆக்சைடும் களிமண்ணும் மிக மெதுவாகப் படிந்த மேல்பூச்சு. அதைக் கொத்தி வரைந்த பழங்கால ஆட்டு உருவங்கள் பல இடங்களில் இருக்கின்றன. கை வைக்காதீர்கள், சாக்பீஸால் கோடு போட்டு எடுப்பாக்கவும் வேண்டாம்.

தர்மபுரி கல்லூரி மாணவி: சார், போவதற்கு முன் இங்கேயே பழக இடம் இருக்கிறதா?

இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். நாம் இருப்பதும் வறண்ட மேட்டுநிலம்தான் அம்மா, நம் காலடியில் கிடப்பது ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பாறை. இமயமலையை விட இது எவ்வளவோ பழையது.

முதலில் கிருஷ்ணகிரி மலைக்கோ இராயக்கோட்டைக் கோட்டை மலைக்கோ ஏறுங்கள். பூமிக்கு ஆழத்தில் இறுகிய பாறை, மேலே இருந்த சுமை அரித்துப் போனதும் விரிந்து, வெங்காயச் சருகு மாதிரி மேற்பரப்புக்கு இணையாகத் தோல் தோலாக உரிந்திருக்கும். அந்த உரிந்த விளிம்பின் தடிமன் தெரிகிற மாதிரி, தரையோடு தரையாக உட்கார்ந்து, காலை வெயிலில் எடுங்கள். அப்புறம் நைஸ் (ஆழத்தில் வெப்பத்திலும் அழுத்தத்திலும் உருமாறிய பாறை) என்ற பாறையில் வெள்ளையும் கருப்புமாக வளைந்து ஓடும் பட்டைகள். காய்ந்திருக்கும்போது மங்கலாக இருக்கும், பாட்டில் தண்ணீரை ஊற்றினால் ஒவ்வொரு வரியும் எழுந்து வரும். இதற்கு மட்டும் நேர் வெயில் வேண்டாம், மேகம் மூடிய வெளிச்சமும் போலரைசரும் போதும்.

மூன்றாவது, வயல்களுக்கு நடுவே நேர்கோட்டில் ஓடும் கருப்பு உருண்டைப் பாறை வரிசை. பழைய பாறை விரிசலில் பின்னால் ஏறி உறைந்த பாறைக்குழம்பு அது, டோலரைட் என்பார்கள். கடையில் பிளாக் கிரானைட் என்று விற்பதில் பெரும்பகுதி இந்த வகைதான். பக்கத்தில் நின்றால் கற்குவியல் மட்டும்தான் தெரியும், எதிரே ஒரு குன்றில் ஏறினால்தான் கோடு தெரியும். நிலவியல் படத்தில் எங்கே நிற்கிறோம் என்பது லென்ஸை விட முக்கியம் என்பதை இந்த ஒரு பாடம் கற்றுக்கொடுத்துவிடும். குவாரிக்குள் அனுமதி இல்லாமல் நுழைய வேண்டாம், வெடி வைக்கிற இடம்.

ஐப்பசி, கார்த்திகை மழை விட்ட மறுநாள் தூசி அடங்கியிருக்கும். அதுதான் நமக்கு நல்ல நேரம்.

பென்னாகரத்திலிருந்து: ஒகேனக்கல் பாறை உலகத்திலேயே பழையது என்கிறார்களே?

அப்படி இல்லை. ஒகேனக்கல் பகுதியில் கார்பனடைட் என்ற அபூர்வப் பாறை (சுண்ணாம்பு போன்ற கார்பனேட் நிறைந்த குழம்பு உறைந்தது) இருக்கிறது, வயது சுமார் 240 கோடி ஆண்டு, அந்த வகைப் பாறைகளில் மிகப் பழையவற்றில் ஒன்று. இதைத்தான் ஊதிப் பெரிதாக்கிவிட்டார்கள். ஆனால் அருவியில் நீங்கள் பார்க்கும் கரும்பாறை எல்லாம் கார்பனடைட் இல்லை, பெரும்பாலும் சார்னோக்கைட் என்ற கிரானைட் போன்ற கரும்பாறை. படத்துக்குக் கீழே பெயர் போடும்போது இதைச் சரியாகப் போடுங்கள். தண்ணீர் குறைந்த மாதங்களில் சுழல் குடைந்த குழிகளைத் தேடுங்கள், நேர் மேலிருந்து எடுத்தால் வட்டம் அழகாக வரும். வழுக்கும், தனியாகப் போக வேண்டாம்.

ஊத்தங்கரையிலிருந்து: போன் போதுமா?

போதும். ரா (RAW, கேமரா பதிந்ததைச் சுருக்காமல் வைக்கும் கோப்பு) வடிவத்தில் சேமியுங்கள், டிஜிட்டல் ஜூம் வேண்டாம்.

அரூரிலிருந்து: அக்கா ஒருவர் என் படத்தைப் பார்த்து, இது மலையா மண்மேடா என்று கேட்டார். என்ன செய்ய?

அளவு தெரியவில்லை, அதுதான். கிட்டத்தில் எடுத்தால் பேனாவோ நாணயமோ வையுங்கள். தூரத்தில் ஒரு ஆள், லாரி, மடம் ஏதாவது ஓரமாக வரட்டும். ஒன்று அளவோடு, ஒன்று அளவில்லாமல் என்று இரண்டு எடுத்து வைப்பது நல்லது. திசையையும் இடத்தையும் நோட்டில் எழுதுங்கள், வீட்டுக்கு வந்த பிறகு எந்த மலை எது என்று நினைவிருக்காது.

காவேரிப்பட்டணத்திலிருந்து: ட்ரோன், பேட்டரி, மணல் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்.

ட்ரோனை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். எல்லைப் பகுதி, ராணுவ முகாம்கள் நிறைய. குளிரில் பேட்டரி சீக்கிரம் இறங்கும், கூடுதல் பேட்டரியைச் சட்டைக்கு உள்பையில் வையுங்கள். நூப்ரா பள்ளத்தாக்கில் ஹுந்தர் மணல்மேட்டில் லென்ஸ் மாற்றவே மாற்றாதீர்கள். மணல் வரிகளை ஒட்டக சவாரி தொடங்கும் முன் விடிகாலையில் எடுத்துவிட வேண்டும், பிறகு எங்கும் கால்தடம். கிருஷ்ணகிரி சுமார் 500 மீட்டர் உயரம், லே 3,500, அதனால் விமானத்தில் இறங்கினால் முதல் இரண்டு நாள் கேமராவைத் தொடாமல் படுத்துக்கிடங்கள். மூச்சு முட்டினால், தலைவலி ஏறினால் டாக்டரிடம் போங்கள், மேலே ஏறாதீர்கள்.