கேள்வி பதில்: ஓப்பன் சோர்ஸை நம்பிப் பத்து வருஷம் வியாபாரம் செய்யலாமா?

கேள்வி: லாரி எடைமேடைகளுக்கான பில்லிங் மென்பொருளை டெல்ஃபி 7-ல் எழுதி விற்கிறோம். அதன் ஓப்பன் சோர்ஸ் மாற்றான லாசரஸுக்கு மாற்ற யோசனை. விற்பனைக்கு லைசன்ஸ் இடம் கொடுக்குமா? பத்து வருஷம் தாங்குமா?
– ஒரு வாசகர், பீன்யா, பெங்களூரு

பதில்: லைசன்ஸில் பயமில்லை. லாசரஸ் எடிட்டர் ஜிபிஎல்தான் (அதைச் சேர்த்து விற்றால் உங்கள் சோர்ஸையும் தரச் சொல்லும் லைசன்ஸ்). ஆனால் உங்கள் எக்ஸிஇ-க்குள் போவது எடிட்டர் இல்லை. லாசரஸ் பயன்படுத்தும் கம்பைலரான ஃப்ரீ பாஸ்கலின் ரன்டைமும், ஸ்கிரீன்களுக்கான எல்சிஎல் நூலகமும்தான் போகின்றன. அவை ஜிபிஎல்-ஐவிடத் தளர்வான எல்ஜிபிஎல்-ன் திருத்தப்பட்ட வடிவில் வருகின்றன. உங்கள் கோடோடு சேர்த்து ஒரே ஃபைலாக்கி, சோர்ஸ் தராமல் விற்க அதில் வெளிப்படையான விலக்கு உண்டு. நூலகத்தையே நீங்கள் திருத்தினால், திருத்திய அந்தப் பகுதியின் சோர்ஸை மட்டும் வாங்குபவருக்குத் தர வேண்டும். காலை வாருவது வெளியிலிருந்து எடுக்கும் காம்பொனென்ட்டுகள்தான். ஒவ்வொன்றின் எல்பிகே (லாசரஸ் பேக்கேஜ்) ஃபைலையும் நோட்பேடில் திறந்து லைசன்ஸ் வரியைப் படியுங்கள். விலக்கு எதுவும் இல்லாமல் வெறும் ஜிபிஎல் என்று இருந்தால், சோர்ஸைத் தராமல் விற்கும் மென்பொருளில் அதைச் சேர்க்காதீர்கள்.

பத்து வருஷக் கணக்குக்கு வருவோம். ஃப்ரீ பாஸ்கல் 3.2.2 வெளியானது 2021 மே மாதம். 2025-ல் வந்த லாசரஸ் 4.0-வும் அதே கம்பைலரோடுதான் வந்தது. இதைப் பார்த்துச் செத்துப்போன ப்ராஜெக்ட் என்று முடிவுகட்டுகிறார்கள். வெளியீட்டுத் தேதியை விட்டுவிட்டு அதன் சோர்ஸ் இருக்கும் கிட்லேப் தளத்தில் கமிட் (கோடு மாற்றங்கள்) பட்டியலைத் திறந்து பாருங்கள். கடந்த 12 மாதத்தில் எத்தனை வெவ்வேறு ஆட்கள் கோடு சேர்த்திருக்கிறார்கள், உங்களுக்கு முக்கியமான பகுதியில் புகார் செய்த பிழைகள் எவ்வளவு நாளில் மூடப்படுகின்றன என்று எண்ணுங்கள். ஒரே பெயர் மட்டும் திரும்பத் திரும்ப வந்தால் உஷார். ஃபைல்களைச் சுருக்கும் எக்ஸ்இசட் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில், 2024 மார்ச்சில் அம்பலமான பின்கதவு நுழைந்ததற்கு, களைத்துப்போன ஒரே பராமரிப்பாளரை நம்பி அது ஓடியதே பெரிய காரணம்.

ஆனாலும் எங்கள் கணிப்பில், ப்ராஜெக்ட் உயிரோடு இருக்கிறதா என்பது இரண்டாவது கேள்விதான். நாளைக்கே அது நின்றுபோனால் உங்கள் மென்பொருளை உங்களால் பில்ட் செய்ய முடியுமா? அதை இப்போதே சோதித்துவிடலாம். காலியான விண்டோஸ் மெஷின் ஒன்றை எடுத்து, நெட்டைத் துண்டித்துவிடுங்கள். பென்டிரைவில் சேமித்த இன்ஸ்டாலர், காம்பொனென்ட் சோர்ஸ், உங்கள் கோடு ஆகிய மூன்றை மட்டும் வைத்து எக்ஸிஇ எடுங்கள். பெரும்பாலும் முதல் முறை தோற்கும். யாரோ எப்போதோ ஆன்லைன் பேக்கேஜ் மேனேஜரில் இறக்கிய காம்பொனென்ட் ஒன்று விட்டுப்போயிருக்கும். அது கிடைத்ததும் எல்லாவற்றையும் பதிப்பு எண்ணோடு உங்கள் சர்வரில் பூட்டி வையுங்கள். அடுத்து கம்பைலரையே சோர்ஸிலிருந்து பில்ட் செய்து பாருங்கள். இதற்கு முந்தைய நிலையான பதிப்பின் கம்பைலர் கையில் வேண்டும். அதையும் சேமிப்பில் சேர்த்துவிடுங்கள்.

இனி டெல்ஃபி 7-லிருந்து வருகிறவர்கள் மாட்டிக்கொள்ளும் இடங்கள். பழைய டெல்ஃபியின் டேட்டாபேஸ் இணைப்பான பிடிஇ இங்கே இல்லை. டேட்டாபேஸ் கோடு முழுவதையும் இங்குள்ள எஸ்க்யூஎல்டிபி நூலகத்துக்கு மாற்ற வேண்டும். டேட்டாபேஸாக ஃபயர்பேர்டோ போஸ்ட்கிரஸோ வைத்துக்கொள்ளலாம். நாள் அதிகம் பிடிக்கும் வேலை இதுதான். எடைமேடை இண்டிகேட்டரின் சீரியல் போர்ட்டைப் படிக்க சினாப்ஸ் நூலகத்தோடு வரும் சினாசர் போதும். அது பிஎஸ்டி வகை லைசன்ஸ், சோர்ஸை மூடி விற்கத் தடையில்லை.

பழைய டேட்டா ரெக்கார்டு ஃபைலாக இருந்தால் கவனம். டெல்ஃபி 7-ல் எக்ஸ்டெண்டட் என்ற தசம எண் வகை 10 பைட். 64-பிட் விண்டோஸுக்கு பில்ட் செய்தால் ஃப்ரீ பாஸ்கலில் அது டபுள், அதாவது 8 பைட்தான். ரெக்கார்டின் அளவே மாறிவிடுவதால் எடை கன்னாபின்னாவென்று வரும். 32-பிட்டில் ஒரு சின்ன ப்ரோகிராம் எழுதுங்கள். ரெக்கார்டின் பைட் அளவைச் சொல்லும் சைஸ்ஆஃப் மதிப்பு டெல்ஃபி, ஃப்ரீ பாஸ்கல் இரண்டிலும் ஒன்றுதானா என்று பார்த்த பிறகு, பழைய ஃபைலைப் படித்து டேட்டாபேஸில் ஒரேயடியாக ஏற்றிவிடுங்கள். பணத்துக்கு கரன்சி டைப்பையே வையுங்கள்.

தமிழ், கன்னடப் பெயர்கள் பில்லில் வருமானால் இன்னொரு பள்ளம் உண்டு. லாசரஸில் ஸ்ட்ரிங் என்றால் யுடிஎஃப்-8. ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட், கன்னடத்துக்கும் அதே. 'கி' என்பது 'க'வும் உயிர்க்குறியும் சேர்ந்த இரண்டு குறிகள். 'கிருஷ்ணமூர்த்தி' 15 குறிகள், 45 பைட். பழைய கோடில் பெயருக்கு 20 இடம் (அதாவது 20 பைட்) என்று அறிவித்திருந்தால் 'கிருஷ்' வரை வந்து, பிறகு ஒரு கேள்விக்குறிக் கட்டம் அச்சாகும். லேஸ்யுடிஎஃப்8 யூனிட்டின் யுடிஎஃப்8காப்பியைப் பயன்படுத்தினால் கட்டம் போய்விடும். ஆனால் அது குறிகளைத்தான் எண்ணும்: 14-ல் வெட்டினால் 'கிருஷ்ணமூர்த்த' என்று நிற்கும். கடைசியில் உயிர்க்குறியோ புள்ளியோ தனியாகப் பிரிகிறதா என்று பார்க்கும் பத்து வரிக் கோடை நீங்களேதான் எழுதியாக வேண்டும்.

இவ்வளவையும் ஒரே ஒரு ஸ்கிரீனில், எடை பதிவிலிருந்து பில் அச்சு வரை, செய்து பார்த்துவிட்டு மீதியைத் தொடுங்கள்.

கேள்வி: பைத்தானில் டெஸ்க்டாப் மென்பொருள் எழுதி விற்கப் போகிறோம். பைக்யூடி, பைசைட் இரண்டும் ஒன்றுதானே?
– ஒரு வாசகி, ஒயிட்ஃபீல்டு

பதில்: இரண்டும் க்யூடி என்ற ஸ்கிரீன் நூலகத்தைப் பைத்தானில் பயன்படுத்த உதவுபவை. கோடு ஏறக்குறைய ஒன்று, லைசன்ஸ் வேறு. பைக்யூடி ஜிபிஎல், சோர்ஸை மூடி விற்க வேண்டுமானால் காசு கொடுத்து கமர்ஷியல் லைசன்ஸ் வாங்க வேண்டும். பைசைட்6 எல்ஜிபிஎல்-லிலும் கிடைக்கிறது. பேக் செய்யும்போது எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகத் திணிக்காமல், க்யூடி டிஎல்எல்-கள் தனியே தெரியும்படி ஃபோல்டராகக் கொடுங்கள். அந்த நூலகத்தை வாங்குபவர் மாற்றிக்கொள்ள வழி இருக்க வேண்டும் என்பது எல்ஜிபிஎல்-ன் நிபந்தனை.

பைத்தானின் ஒவ்வொரு பதிப்புக்கும் ஆதரவு ஐந்து வருஷம். 2024 அக்டோபரில் வந்த 3.13-க்கு 2029 அக்டோபர் வரை. வாடிக்கையாளரோடு போடும் பராமரிப்பு ஒப்பந்தம் அதைத் தாண்டினால், பதிப்பு மாற்றும் செலவையும் விலையில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: 'பிரச்சினை வந்தால் யார் பொறுப்பு?' என்று எங்கள் மேனேஜர் ஓப்பன் சோர்ஸையே தடுக்கிறார்.
– ஒரு வாசகர், எலக்ட்ரானிக் சிட்டி

பதில்: காசு கொடுத்து வாங்கும் கருவியின் ஒப்பந்தத்தில் 'பொறுப்பு வரம்பு' பகுதியை அவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் கட்டிய தொகைக்கு மேல் எதுவும் கிடைக்காது.

அவர் உண்மையில் கேட்க வேண்டியது, கோடின் பதிப்புரிமை (காப்பிரைட்) யார் கையில் என்பதைத்தான். ஒரே கம்பெனியிடம் இருந்தால் லைசன்ஸ் மாறலாம். சர்வர்களை அமைக்கும் கருவியான டெராஃபார்முக்கு 2023 ஆகஸ்டில் அதுதான் நடந்தது. 2024 மார்ச்சில் ரெடிஸ் என்ற டேட்டாபேஸுக்கும். ஏற்கெனவே வெளியான பதிப்புகளுக்கு மாற்றம் பொருந்தாது என்பதால், ரெடிஸின் பிஎஸ்டி கால 7.2.4-ஐ எடுத்து லினக்ஸ் ஃபவுண்டேஷனின் கீழ் வால்கீ என்ற மாற்று கிளம்பியது. உங்கள் கருவிக்குக் கோடு பங்களிப்பவர்கள் தங்கள் உரிமையைக் கம்பெனிக்கு எழுதித் தர வேண்டுமா என்று அதன் பங்களிப்பு விதிகளில் பாருங்கள். வேண்டும் என்றால், மாற்றுக் கருவி ஒன்றின் பெயரை இப்போதே குறித்து வையுங்கள்.