தண்ணீர் நிரப்பிய தடுப்பு காரை நிறுத்துமா?

கேள்வி: சாலையோரம் பள்ளம் தோண்டி வேலை நடக்கிறது. வாகனங்கள் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் போகின்றன. 2 மீட்டர் நீளமுள்ள, நீர் நிரப்பினால் 500 கிலோ வரும் பிளாஸ்டிக் தடுப்புகளைத் தனித்தனியாக வைத்திருக்கிறோம். இது போதுமா? தடுப்பின் முனையில் நேராக மோதினால் என்ன ஆகும்?

பதில்: போதாது. 1,500 கிலோ கார் ஒற்றைத் தடுப்பில் நேராக மோதினால் இரண்டும் சேர்ந்து 2,000 கிலோ. உந்தக் கணக்கின்படி வேகம் 60-லிருந்து 45-க்குத்தான் இறங்கும். அந்த 45 கி.மீ. வேகத்தில் காரோடு தடுப்பும் உங்கள் ஆட்கள் பக்கம் பாயும். இணைக்காத தடுப்பு வழிகாட்டும் பலகைக்குச் சமம். அதை நம்பி ஆளை நிறுத்தாதீர்கள்.

பக்கவாட்டில் உரசும் காரைத் திருப்பிவிடுவது வரிசை முழுவதும் சேர்ந்து இழுக்கும் இழுவிசை. தடுப்புகளை ஒன்றோடொன்று மாட்டும் பிளாஸ்டிக் காது அதைத் தாங்காது, கிழிந்துவிடும். உள்ளே எஃகுச் சட்டமோ கம்பிவடமோ ஓடி, ஒவ்வொரு மூட்டிலும் எஃகு பின் (pin) முழு நீளத்துக்கு இறங்கியிருக்க வேண்டும். களத்தில் அடிக்கடி காணாமல் போவது இந்தப் பின்தான். அப்படி இணைத்த வரிசையும் மோதும்போது சில மீட்டர் நகரும், நகர்ந்தால்தான் ஆற்றல் கரையும். ஆகவே பள்ளத்தின் விளிம்பை ஒட்டி வைப்பது பெரிய தவறு. எத்தனை மீட்டர் விட வேண்டும் என்பதைக் கணக்குப் போட்டு ஊகிக்க வேண்டாம். அந்த மாதிரித் தடுப்பின் மோதல் சோதனை அறிக்கையில் இருக்கும். சாலைத் தடுப்புகளை மோதிச் சோதிப்பதற்கான அமெரிக்காவின் மேஷ் (MASH) விதிமுறையில் இரண்டாம் நிலை என்பது 1,100 கிலோ காரும் 2,270 கிலோ பிக்கப்பும் 70 கி.மீ. வேகத்தில், 25 பாகைக் கோணத்தில் மோதும் சோதனை. உங்கள் சாலைக்கு அதற்குக் குறைந்ததை வாங்காதீர்கள். நீங்களே வடிவமைத்தாலும் அந்தச் சோதனையைத் தாண்டாமல் சாலைக்குக் கொண்டுவரக் கூடாது.

நீருக்குப் பதில் மணல் போட்டால் இன்னும் கனமாகுமே என்று பலர் நினைக்கிறார்கள். நீருக்கென்று சோதித்த கூட்டில் மணல் இறுகிச் சுவராகிவிடும்.

முனைதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. காரை நிறுத்தத் தூரம் வேண்டும். 60 கி.மீ. வேகத்தை அரை மீட்டரில் நிறுத்தினால் உள்ளே இருப்பவர்மீது புவியீர்ப்பின் சுமார் 28 மடங்கு விசை, 1.4 மீட்டரில் நிறுத்தினால் 10 மடங்கு. முனையைப் போக்குவரத்திலிருந்து விலக்கி வளைக்க இடமில்லை என்றால், மணல் நிரப்பிய டிரம்களை முனைக்கு முன்னால் வரிசையாக வைப்பது எளிய வழி. முதலில் லேசானது, போகப் போகக் கனமானது: 90, 180, 180, 320, 320, 640, 640 கிலோ, கடைசியில் பக்கம் பக்கமாக இரண்டு 960. ஒவ்வொரு டிரம்மும் அதே 1,500 கிலோ காரின் வேகத்தைக் கொஞ்சம் பறித்துக்கொள்ளும்: 60, 57, 51, 45, 37, 31, 21, 15. கடைசி ஜோடியில் அது 7-க்குக் கீழே போகும். 90 செ.மீ. விட்டமுள்ள டிரம்களை 15 செ.மீ. இடைவெளியில் வைத்தால் மொத்தம் எட்டேகால் மீட்டர் தேவை. ஒரே கனத்தில் எல்லா டிரம்மையும் நிரப்புவதும், கனமானதை முன்னால் வைப்பதும் சிறிய காருக்குச் சுவராக முடியும்.

லேசான டிரம்மில் மணலை அடியில் கொட்டிவிடக் கூடாது. உள்ளே கூம்பு வைத்து மேலே தூக்கி, மணலின் எடை மையத்தைக் காரின் எடை மையத்தின் உயரத்துக்குக் கொண்டுவர வேண்டும். மணல் தாழ்வாக இருந்தால் கார் அதன்மேல் ஏறிப் பறக்கும். மணல் உலர்ந்திருக்கட்டும், மூடி திறந்து மழை இறங்கினால் கட்டியாகிவிடும். கடைசி டிரம்முக்கும் தடுப்பின் முனைக்கும் நடுவே 30 முதல் 60 செ.மீ. விடுங்கள், சிதறும் மணல் அங்கே குவிந்து இறுகாமல் இருக்கும்.

நடைபாதை விளிம்புக் கல்லின் மேலோ அதன் பின்னாலோ எதையும் வைக்காதீர்கள். சக்கரம் கல்லில் ஏறித் துள்ளினால் கார் தடுப்பைத் தாண்டிவிடும்.

நீர் மட்டத்தைத் தினமும் பாருங்கள். அடியிலுள்ள திருகு மூடி கசிந்து பாதி காலியாவது வழக்கம். வெயிலில் வெளுத்து, நகத்தால் கீறினால் மாவு உதிரும் பிளாஸ்டிக்கை ஒதுக்குங்கள். ஒருமுறை மோதல் வாங்கிய கூடு வெளியே நன்றாகத் தெரிந்தாலும், மூட்டில் மயிரிழை விரிசல் இருந்தால் மாற்றிவிடுங்கள்.