பசங்க ஓட்ட ஒரு பழைய செடான்: லோன் போட்டு சிட்டி எடுக்கலாமா, எஃப்டியை உடைக்கலாமா?

கேள்வி: வணக்கம் சார். நான் தஞ்சாவூர்ல எய்டட் ஸ்கூல் டீச்சர், வீட்டுக்காரர் கத்தார்ல வேலை பாக்கறார். பையனுக்கு 19 வயசு, லைசென்ஸ் எடுத்துட்டான், வல்லம் பக்கம் காலேஜ் போறான். பொண்ணுக்கு 17, பிளஸ் டூ, இப்பவே மாமா வண்டிய காலனிக்குள்ள நல்லா ஓட்டறா. ரெண்டு பேருக்கும் சேத்து ஒரு பழைய செடான் வாங்கலாம்னு இருக்கோம். 2017 ஹோண்டா சிட்டி ஒண்ணு 6.5 லட்சம் சொல்றாங்க. சேவிங்ஸ்ல 3.5 லட்சம் இருக்கு, அவசரத்துக்குன்னு தனியா 2 லட்சம் இருக்கு, பொண்ணு காலேஜுக்குன்னு எஃப்டி 6 லட்சம் போட்டு வச்சிருக்கோம். வண்டிக்கு 4 லட்சம் லோன் போட்டா 14 பர்சென்ட்டுல அஞ்சு வருஷம், மாசம் 9,300 வரும்னு புரோக்கர் சொல்றார். வீட்டுக்காரர் எஃப்டியை உடைச்சிடலாம்கறார். எது சரி? வண்டிய யார் பேர்ல எடுக்கறது? பையன் பேர்லயே எடுத்துடலாமா?

பதில்: டீச்சர், வணக்கம். பணக் கணக்குக்கு அப்புறம் வர்றேன், முதல்ல பொண்ணு விஷயம். 18 முடியற வரைக்கும் அவ ஸ்டியரிங்க தொடவே கூடாது, காலனிக்குள்ளயும் சரி, மாமா பக்கத்துல உக்காந்திருந்தாலும் சரி. மோட்டார் வாகனச் சட்டத்துல 2019-ல 199ஏ-ன்னு ஒரு பிரிவு சேத்தாங்க, 18 ஆகாத புள்ள வண்டி ஓட்டி மாட்டினா குத்தம் பெத்தவங்க மேலயும் வண்டி ஓனர் மேலயும்தான், 3 வருஷம் வரைக்கும் ஜெயில், 25,000 ரூபாய் அபராதம், வண்டியோட ரெஜிஸ்ட்ரேஷன் ஒரு வருஷத்துக்கு கேன்சல், அந்தப் புள்ளைக்கு 25 வயசு வரைக்கும் லைசென்ஸ் கிடையாது. இதுகூட பரவால்லைன்னு சொல்ற அளவுக்கு இன்னொண்ணு இருக்கு. லைசென்ஸ் இல்லாத ஆள் ஓட்டி யாருக்காவது அடிபட்டா, கோர்ட்டு இன்சூரன்ஸ் கம்பெனியை முதல்ல பணத்தைக் கட்டச் சொல்லிட்டு அப்புறம் ஓனர்கிட்ட வசூல் பண்ணிக்கோன்னு சொல்லலாம், வழக்கமா நடக்கறதுதான் இது. அந்தத் தொகை லட்சக்கணக்குல வரும், அப்போ நீங்க பாத்துப் பாத்து சேத்த எஃப்டி, வீடு எல்லாத்து மேலயும் கை வைப்பாங்க. பொண்ணு நல்லா ஓட்டறாங்கறது கணக்குலயே வராது. பிறந்த நாள் முடிஞ்ச மறுநாள் எல்எல்ஆர் (பழகுநர் லைசென்ஸ்) போடுங்க, 30 நாள் கழிச்சு டெஸ்ட், அதுவரைக்கும் பொறுத்துக்கட்டும், நான் ரொம்ப அழுத்தமாவே சொல்றேன்.

இப்ப லோன். 9,300-ஐ 60 மாசத்தால பெருக்கிப் பாருங்க, 5,58,000 ஆகுது. 4 லட்சத்துக்கு 1.58 லட்சம் வட்டி. அதுவும் எதுக்கு, ஏற்கனவே பாதிக்கு மேல விலை எறங்கின வண்டிக்கு. லோன் முடியறப்ப வண்டிக்கு 13, 14 வயசு ஆயிருக்கும், ஆர்சி (வண்டிப் பதிவுச் சான்று) 15 வருஷத்துக்குத்தான், அப்புறம் வித்தா என்ன கிடைக்கும்னு நீங்களே யோசிங்க. எஃப்டியை உடைக்கறதும் வேண்டாம், முன்கூட்டியே எடுத்தா வட்டியைக் குறைச்சுக் கொடுப்பாங்க, அதைவிட முக்கியம் அது பொண்ணு பணம், அடுத்த வருஷமே அட்மிஷன் வருது.

நான் சொல்றது மொத்தம் 5 லட்சத்துக்குள்ள முடிங்க. 4.4 லட்சத்துக்குள்ள வண்டி, மிச்சம் 60,000 டயர், பேட்டரி, முதல் சர்வீஸ், பேர் மாத்தற செலவு, இன்சூரன்ஸுக்கு. பழைய வண்டி வாங்கற முக்கால்வாசிப் பேர் இந்த 60,000-ஐ மறந்துடறாங்க, வண்டி வந்த மூணாவது மாசம் கிரெடிட் கார்டைத் தேய்ப்பாங்க. உங்க சேவிங்ஸ் 3.5 லட்சம் போக 1.5 லட்சம் குறையுது இல்லையா, அதுக்கு உங்க எஃப்டி மேலயே பேங்க்ல லோன் கேளுங்க. எஃப்டி வட்டிக்கு மேல வழக்கமா ஒண்ணு ரெண்டு பர்சென்ட்தான் வைப்பாங்க, எஃப்டி 7-ன்னா லோன் 8 மாதிரி வரும், எஃப்டிக்கு வட்டி அது பாட்டுக்கு வந்துட்டே இருக்கும். புரோக்கர் சொன்ன அதே 9,300-ஐ மாசாமாசம் இதுல கட்டினீங்கன்னா ஒண்ணரை வருஷத்துக்குள்ள முடிஞ்சிடும், மொத்த வட்டியே 9,000 பக்கம்தான். அட்மிஷன் நேரத்துல எஃப்டில பெரும்பகுதி ஃப்ரீயாவே இருக்கும். அவசரத்துக்கு வச்சிருக்கற 2 லட்சத்தை யார் கேட்டாலும் தொடாதீங்க.

அந்த சிட்டி மோசமான வண்டின்னு சொல்ல வரலை. அந்த நாலாவது தலைமுறை சிட்டிக்கு 2022-ல குளோபல் என்கேப்ங்கற மோதல் பாதுகாப்பு டெஸ்ட்ல 4 ஸ்டார் வந்துச்சு. ஆனா இஞ்சின் 119 பிஎஸ், லைசென்ஸ் எடுத்து கொஞ்ச நாள்தான் ஆன பையனுக்கு, நாலு ஃப்ரெண்ட்ஸ ஏத்திட்டு தஞ்சாவூர் திருச்சி ஹைவேல போறப்ப அந்த பவர் வேண்டியதில்லைன்னுதான் எனக்கு தோணுது. என் சாய்ஸ் டொயோட்டா எட்டியோஸ் பெட்ரோல் 1.5, மேனுவல், ரெண்டு ஏர்பேக்கும் ஏபிஎஸ்ஸும் (திடீர் பிரேக்ல சக்கரம் பூட்டிக்காம பாத்துக்கறது) இருக்கறது. பாக்க சாதாரணமா இருக்கும், பசங்க மூஞ்ச சுளிப்பாங்க, ஆனா சிம்பிளான இஞ்சின், தஞ்சாவூர்லயே நல்ல மெக்கானிக் யார் வேணா பாத்துடுவாங்க. அடுத்து மாருதி டிசையர், 2017 மே மாசத்துக்கு அப்புறம் வந்த புது ஷேப், அதுல எல்லா வேரியன்ட்லயும் ரெண்டு ஏர்பேக், ஏபிஎஸ் வந்துடுச்சு, ஆனா உங்க பட்ஜெட்டுக்கு கொஞ்சம் தேடணும். டிசையருக்கு 5 ஸ்டார்னு புரோக்கர் சொன்னா நம்பாதீங்க, அது 2024 நவம்பர்ல வந்த புது மாடலுக்கு கிடைச்சது, பழசுக்கு அது பொருந்தாது. டீசல் வேண்டவே வேண்டாம், ஒரு நாளைக்கு முப்பது கிலோமீட்டர் ஓடற வண்டிக்கு அதுல மிச்சம் ஒண்ணும் இல்ல. இந்தியாவ விட்டுப் போன கம்பெனி வண்டிகளையும் விட்டுடுங்க, ஷெவ்ரோலெ 2017-லயே இங்க விக்கறத நிறுத்திடுச்சு, ஃபோர்டு 2021-ல இங்க விக்கறதுக்கான கார் தயாரிப்ப நிறுத்துச்சு, விலை மலிவா தெரியும், அப்புறம் ஒரு பார்ட்ஸுக்கு அலையணும். ஏர்பேக் இல்லாத பேஸ் மாடல் 50,000 கம்மின்னு யாராவது காட்டினா அந்த இடத்துல இருந்து எழுந்து வந்துடுங்க.

எட்டியோஸ், டிசையர் ரெண்டுலயும் ஒரு பெரிய சிக்கல், டாக்ஸியா ஓடினது நிறைய. டி போர்டுல (டாக்ஸி பதிவுல) மூணு லட்சம் கிலோமீட்டர் ஓட்டிட்டு, ஓன் போர்டா (சொந்த வண்டிப் பதிவா) மாத்தி, மீட்டரைக் குறைச்சு 70,000-ன்னு காட்டி விப்பாங்க. வண்டி நம்பரை வச்சு கம்பெனி சர்வீஸ் சென்டர்ல சர்வீஸ் ஹிஸ்டரி கேளுங்க, தேதிவாரியா கிலோமீட்டர் இருக்கும். ஆர்சில ஓனர் சீரியல் (எத்தனாவது ஓனர்ங்கறது), வண்டி வகை பாருங்க. மீட்டர் 60,000 காட்டுது, ஆனா பிரேக் பெடல் ரப்பர் வழவழன்னு தேஞ்சு போய், டிரைவர் சீட் ஓரம் அமுங்கிப் போய் இருந்தா, அந்தக் கணக்கு ஒத்து வரலைன்னு அர்த்தம்.

அடுத்தது தண்ணி ஏறின வண்டி. 2015 சென்னை வெள்ளம், 2023 டிசம்பர்ல மிக்ஜாம், அதே மாசம் திருநெல்வேலி தூத்துக்குடி வெள்ளம், இதுல மூழ்கின வண்டிங்க கழுவித் துடைச்சு வெளியூருக்கு வித்தாங்க. டிரைவர் சீட் பெல்ட்ட கடைசி வரைக்கும் முழுசா இழுங்க, வழக்கமா உள்ள சுருண்டு கிடக்கற அந்தக் கடைசி ஒரு அடில வண்டல் கோடு, பழுப்புக் கறை இருக்கான்னு பாருங்க. பெல்ட்ட மாத்திட்டாங்கன்னா, மத்த பெல்ட்டுங்களை விட அது மட்டும் புதுசா தெரியும். அப்புறம் சீட்டுக்கு அடில கைய விட்டு, சீட் நகர்ற தண்டவாளத்த தொட்டுப் பாருங்க, துரு கைல ஒட்டும். டிக்கில ஸ்டெப்னிய தூக்கிட்டு அந்தக் குழிய பாருங்க, காஞ்ச சேறு அங்கதான் நிக்கும். வண்டிக்குள்ள சென்ட் வாசனை ரொம்ப தூக்கலா அடிச்சா நான் சந்தேகப்படுவேன். டயர்ல நாலு இலக்க நம்பர் இருக்கும், 2319-ன்னா 2019-ல 23-வது வாரம் செஞ்சதுன்னு அர்த்தம், அஞ்சு ஆறு வருஷம் தாண்டியிருந்தா நாலு டயரும் மாத்தற மாதிரி இருக்கும், 20,000 பக்கம் ஆகும், அதை விலைலயே குறைச்சுக் கேளுங்க. இதெல்லாம் பாத்த பிறகும் உங்களுக்குத் தெரிஞ்ச மெக்கானிக்க கூட்டிட்டுப் போய் ஜாக்கில ஏத்திப் பாக்கச் சொல்லுங்க, புரோக்கர் கூட்டிட்டு வர்ற மெக்கானிக் வேண்டாம். ஒரு ரெண்டாயிரம் கொடுத்தாலும் தப்பில்ல.

பேர் விஷயம். பையன் பேர்ல வேண்டாம், வீட்டுக்காரர் பேர்லயும் வேண்டாம், அவர் கத்தார்ல இருக்கார், நாளைக்கு ஒரு கையெழுத்து, ஒரு போலீஸ் ஸ்டேஷன் விஷயம்னா யார் போறது. உங்ககிட்ட லைசென்ஸ் இருந்தா உங்க பேர்லயே எடுங்க. ஓனர் டிரைவருக்கு கட்டாயமா 15 லட்சம் விபத்துக் காப்பீடு இருக்கில்ல, அது ஆர்சில பேர் இருக்கறவருக்கு, அவர்கிட்ட லைசென்ஸ் இருந்தாத்தான். பையன் ஓட்டறப்ப அவனுக்கு அடிபட்டா அந்த 15 லட்சம் அவனுக்கு வராது, இது நிறைய பேருக்குத் தெரியாது. அதனால பையனுக்கு தனியா ஒரு பர்சனல் ஆக்சிடென்ட் பாலிசி போடுங்க, பொண்ணு லைசென்ஸ் எடுத்ததும் அவளுக்கும், பிரீமியம் பெருசா வராது. வண்டில வர்ற ஃப்ரெண்ட்ஸுக்கும் பாசெஞ்சர் கவர் சேத்துடுங்க.

தேர்ட் பார்ட்டி, அதாவது அடுத்தவங்களுக்கு ஆகற சேதத்துக்கான பிரீமியம், 2022-ல வச்ச ரேட்படி 1,000-ல இருந்து 1,500 சிசி வரைக்கும் வருஷம் 3,416 ரூபாய், எந்தக் கம்பெனியா இருந்தாலும் அரசு வச்ச ரேட்டுதான், மேல ஜிஎஸ்டி இருந்தா அது தனி. உயிர்ச்சேதத்துக்கு அதுல உச்சவரம்பு கிடையாது, அடுத்தவன் சொத்து சேதத்துக்கு 7.5 லட்சம் வரைக்கும். அது மட்டும் போட்டா போதும்னு புரோக்கர் சொல்வார், நீங்க உங்க வண்டி சேதத்துக்கும் சேத்து வர்ற காம்ப்ரிஹென்சிவ் போடுங்க, புதுசா ஓட்டறவங்க இருக்கற வீட்டுல பம்பர், ஹெட்லைட் எல்லாம் ஒரு தடவையாவது போகும். பழைய ஓனரோட என்சிபி, அதாவது கிளெய்ம் பண்ணாததுக்கு கிடைக்கற பிரீமியம் தள்ளுபடி, உங்களுக்கு வராது, அது அவரோடவே போயிடும், அதனால பிரீமியம் அவர் கட்டினதைவிட கூட வந்தா பயப்படாதீங்க. வண்டி வாங்கின 14 நாளுக்குள்ள பாலிசிய உங்க பேருக்கு மாத்த எழுதிக் கொடுக்கணும், இல்லன்னா உங்க வண்டிக்கு டேமேஜ் ஆனா கிளெய்ம் வராது. ஆர்சி மாத்தறதுக்கு ஃபார்ம் 29, 30, அந்த ஓனர் லோன் போட்டிருந்தா பேங்க்கோட என்ஓசியும் ஃபார்ம் 35-ம். பணம் முழுசும் கொடுக்கறதுக்கு முன்னாடி அரசோட எம்பரிவாகன் ஆப்ல வண்டி நம்பர் போட்டு ஹைப்போதிகேஷன் (வண்டி மேல லோன் இருக்கா), அபராத பாக்கி, இன்சூரன்ஸ் தேதி மூணும் பாருங்க. "ஆர்சி அப்புறம் மாத்திக்கலாம் மேடம்"னு சொன்னா ஒரு 25,000 பிடிச்சு வச்சுக்கிட்டு, பேர் மாறின பிறகு கொடுங்க.

பையன்கிட்டயும் ஒரு வார்த்தை பேசிடுங்க, பெட்ரோலுக்கு மாசம் இவ்வளவுன்னு முன்னாடியே ஒரு தொகை வச்சிடுங்க, டோல் கேட்டுக்கும் பெட்ரோலுக்கும் கணக்கில்லாம போச்சுன்னா அந்த 9,300 கட்டறதுல இடிக்கும். எட்டியோஸ் ஏதாவது பாத்து பிடிச்சிருந்தா அட்வான்ஸ் கொடுக்கறதுக்கு முன்னாடி ஆர்சி நகலும் சர்வீஸ் ரெக்கார்டும் அனுப்புங்க டீச்சர், பாத்துட்டு அன்னைக்கே சொல்லிடறேன்.