மருந்து குடித்த மண்ணும் காளானும்: வாசகர் கேள்விகள்

நாற்பது வருஷமாக மருந்தடித்த வெங்காயத் தறை. காளான் பைகளைப் புதைத்தால் மண் சுத்தமாகுமா, ஐயா? (கோப்பாய்)

தறை முழுக்க என்றால் எனக்கு நம்பிக்கை இல்லை. மரத்தை வெள்ளையாக உக்க வைக்கும் பூஞ்சைகள், மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளை உடைக்க நொதிகளை வெளியே விடும். அந்த நொதிகளுக்கு ஆள் தெரியாது. பக்கத்தில் கிடக்கும் மருந்தையும் சேர்த்து உடைக்கும். 1985 இல் அமெரிக்க ஆய்வாளர்கள் டி.டி.ரி, லின்டேன் என்ற இரண்டு பூச்சிமருந்துகளிலும் இதைக் காட்டினார்கள். சிப்பிக் காளானும் அந்தச் சாதிதான். ஆனால் அதன் சாப்பாடு மரம், மண் அல்ல. அந்த நொதிகள் பெரும்பாலும் புளிப்புத் தன்மையில்தான் நன்றாக வேலை செய்யும். நம் செம்மண்ணுக்கு அடியிலோ சுண்ணக்கல், புளிப்புக்கு நேர் எதிர்.

கிணற்றடியில்தான் மருந்தடிக்கும் மெசினைக் கழுவுகிறோம். அந்த இடத்துக்காவது உதவுமா? (உரும்பிராய்)

இதுதான் சரியான இடம்! தறையில் மருந்து பரவலாக விழுகிறது, கழுவும் இடத்திலோ திரும்பத் திரும்ப ஒரே இடத்தில். சுண்ணக்கல் வெடிப்பு வழியே அது நேரே கிணற்றுக்குப் போகும். முதலில் கழுவும் இடத்தைக் கிணற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

1990களில் சுவீடன்காரர் இதற்கென்றே ஒரு குழி முறை கொண்டுவந்தார்கள்: வைக்கோல் இரண்டு பங்கு, மேல்மண் ஒரு பங்கு, பீற் (சதுப்பு நிலத்தில் பாதி உக்கிய செடிகொடி) ஒரு பங்கு, ஏறக்குறைய 60 சென்ரிமீற்றர் ஆழம். வைக்கோலில் பூஞ்சை வளர்ந்து மருந்தை உடைக்கிறது. பீற்றுக்குப் பதில் நன்றாக உக்கிய கூட்டெருவோ தும்புத்தூளோ போடலாம். அவர்கள் அடியில் களி போட்டார்கள். நமக்குத் தடித்த பொலித்தீன் இல்லாமல் இந்த வேலையே வேண்டாம். மாரி மழை நிரம்பாமல் மேலே ஒரு கூரை. ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது.

அறுவடை முடிந்த காளான் பைகளையும் உதிர்த்துச் சேர்க்கலாம். கையால் பிய்க்கும்போது மரத்தூள் வெள்ளை நூலால் கட்டுண்டு கட்டியாக வந்தால் பூஞ்சை உயிரோடு இருக்கிறது. பச்சைப் பூசணம் பிடித்ததை ஒதுக்குங்கள். பலன் கூடட்டும் என்று யூரியா போட்டுவிடாதீர்கள்; நைதரசன் கூடினால் இந்தப் பூஞ்சைகளில் சில லிக்னினை உடைக்கும் நொதியையே குறைத்துவிடும்.

கடையில் விற்கும் டிரைக்கோடெர்மா பூஞ்சையைப் போட்டால் போதாதா? (சுன்னாகம்)

அது வேரழுகல் போன்ற நோய்க்கு. மருந்தெச்சத்தை அகற்ற அதை நம்ப வேண்டாம்.

குழியில் முளைக்கும் காளானைக் கறி வைக்கலாமா? (சாவகச்சேரி)

வேண்டவே வேண்டாம். ஆடு மாட்டுக்கும் போடாதீர்கள். இன்னொன்று: செப்பு கலந்த பூஞ்சணக்கொல்லி அடிப்பவராக இருந்தால், அந்தச் செப்பை எந்தப் பூஞ்சையாலும் உடைக்க முடியாது. அது உலோகம், குழியிலேயே சேர்ந்துகொண்டிருக்கும்.