மறுசோறு யாருக்கு?

கேள்வி: வரி என்பதே இருப்பவரிடம் எடுத்து இல்லாதவருக்குக் கொடுக்கும் செல்வ மறுபங்கீடுதானே? (வாசகர், மன்னார்குடி)

பதில்: அந்த 'மறு'வில்தான் சிக்கல். மறுமணம் என்றால் முன்பு ஒரு மணம் நடந்திருக்க வேண்டும். மறுகூட்டல் கேட்க, விடைத்தாளை ஒருமுறையாவது திருத்தியிருக்க வேண்டும். மறுசோறு வேண்டுமானால் முதல் சோறு இலையில் விழுந்திருக்க வேண்டும். செல்வம் எந்தப் பந்தியில் முதல் தடவை பங்கிடப்பட்டது? இலை போட்டாச்சு, தண்ணீர் தெளிச்சாச்சு, ஓரத்தில் உப்பும் வெச்சாச்சு. சாம்பார் வாளிக்காரர் மட்டும் முதல் வரிசை மாமாக்களை விட்டு நகரவில்லை. கடைசி இலைக்காரரிடம் போய் "மறுசோறு வைக்கலாமா?" என்று கேட்டால், அவர் அப்பளத்தையாவது கண்ணில் காட்டச் சொல்வார்.

போகட்டும். எல்லா வரியும் மேலிருந்து கீழே இறங்காது. 299 ரூபாய் ரீசார்ஜை எடுத்துக்கொள்ளுங்கள். 18 சதவீத ஜி.எஸ்.டி. அதற்குள்ளேயே இருக்கிறது. 299-ஐ 118-ஆல் வகுத்து 18-ஆல் பெருக்கினால் 45 ரூபாய் 61 காசு. மாதம் 10,000 வாங்கும் காவலாளியும் 5 லட்சம் வாங்கும் மேலாளரும் இதே ரீசார்ஜுக்குக் கட்டுவது இதே தொகை. காவலாளிக்கு அது நூறு ரூபாய் வருமானத்தில் 46 காசு. மேலாளருக்கு ஒரு காசுகூட முழுசாக இல்லை. "என் வரிப்பணத்தில் இலவசமா?" என்று மாதம் தவறாமல் எழுதும் நம் பழைய பகையாளி, வரி என்றாலே வருமான வரி மட்டும்தான் என்று இன்னும் நம்புகிறார்.

அந்த வருமான வரியிலும் ஒரு கூத்து. புதிய முறையில் ஆண்டுக்கு 24 லட்சத்துக்கு மேல் வரும் சம்பளத்துக்கு நூற்றுக்கு 30 ரூபாய். சந்தையில் பட்டியலிட்ட பங்கை ஓராண்டுக்கு மேல் வைத்திருந்து விற்றால், முதல் 1.25 லட்சம் லாபம் போக, நூற்றுக்குப் பன்னிரண்டரை. வியர்வைக்கு ஒரு விலை, பொறுமைக்கு ஒரு விலை.

செல்வத்தின் மேலேயே கை வைத்துப் பார்த்ததும் உண்டு. கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் நிக்கோலஸ் கால்டோர் சொன்னதை வைத்து 1957-ல் நிதியமைச்சர் டி.டி.கிருஷ்ணமாச்சாரி செல்வ வரி, செலவு வரி இரண்டையும் கொண்டுவந்தார். கூடவே வருமான வரியின் உச்சத்தை 45 சதவீதத்துக்கு இறக்கச் சொல்லியிருந்தார் கால்டோர். கஷாயத்தைக் குடித்தோம், பத்தியத்தை விட்டோம். 1973-74-ல் உச்ச விகிதம் 97.75 சதவீதம்! மேல்படியில் சம்பாதித்த நூறில் கையில் நிற்பது இரண்டே கால் ரூபாய் என்றால், எந்த மடையன் கணக்கில் காட்டுவான்?

1953-ல் வந்த எஸ்டேட் டூட்டி, அதாவது இறந்தவர் சொத்துக்கான வரி, உச்சத்தில் 85 சதவீதம் வரை போனது. 1985-ல் நிதியமைச்சர் வி.பி.சிங் அதை எடுத்தபோது ஆண்டு வசூல் சுமார் 20 கோடிதான். ஒரே வீட்டுக்கு உயிரோடு இருக்கும்போது செல்வ வரி, செத்தபின் இது. இரண்டு சட்டம், இரண்டு மதிப்பீடு. செல்வ வரி 2015 வரை இழுத்துக்கொண்டிருந்தது. 2013-14-ல் வசூல் 1,008 கோடி. 1993-லேயே பங்கு, வங்கி வைப்பு எல்லாவற்றையும் விலக்கிவிட்டு நகை, கார், நகர்ப்புற மனை போன்றவற்றை மட்டும் வைத்துக்கொண்டார்கள். 100 கோடிக்குப் பங்கு வைத்திருந்தால் அதற்கு வரி பூஜ்யம். ஏட்டில் பளிச்சென்று தெரிகிற பங்கை விட்டுவிட்டு, பீரோவுக்குள் கிடக்கும் ஒட்டியாணத்தைத் துரத்தினால் வேறென்ன தேறும்?

செஸ், அதாவது ஏதோ ஒரு செலவின் பெயரைச் சொல்லி வரிக்கு மேல் போடும் வரி, அது பற்றி இனி எழுதுவதில்லை என்று சத்தியம் செய்திருந்தேன். ஒரே வாக்கியம்: செஸ்ஸும், சர்சார்ஜ் என்கிற கூடுதல் வரியும் மத்திய அரசு மாநிலங்களோடு பங்கிடும் தொகுப்பில் சேராது. மாப்பிள்ளை வீட்டாருக்கென்று தனியாக எடுத்து வைத்த பாயசம்.

வாங்கியது எங்கே போகிறது என்பதுதான் மிச்சக் கேள்வி. ரேஷன் அரிசியாகவோ அரசு ஆஸ்பத்திரி மாத்திரையாகவோ வந்தால் ஓரளவு உங்கள் பக்கம் நியாயம். ஆனால் கஜானாவில் விழுந்த காசுக்கு முகம் கிடையாது. கணவர் டாஸ்மாக் கவுன்ட்டரில் நீட்டும் நோட்டில் பெரும்பங்கு வரி. 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகையில் மனைவி கணக்குக்கு மாதம் 1,000 ரூபாய். நீங்கள் கேட்ட மறுபங்கீடு இதோ நடந்துவிட்டது, ஒரே குடும்ப அட்டைக்குள்.