ஒன்பது மணிக்கே படுத்தும் தூக்கம் வரவில்லையே!

கேள்வி: எனக்கு 49 வயது. பள்ளி ஆசிரியை. ஆறு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை. தூக்கம் கெட்டால் பிரஷர், சுகர் எல்லாம் வரும் என்கிறார்களே என்ற பயத்தில் இரவு ஒன்பதுக்கே படுத்துவிடுகிறேன். கண் அசர பதினொன்று ஆகிறது. இரண்டரைக்கு விழிப்பு வந்தால் புரண்டுகொண்டே கிடக்கிறேன். விடியும்போது கொஞ்சம் அசந்து, ஆறு மணிக்கு எழுகிறேன். பக்கத்து வீட்டு அக்கா, தான் போடும் தூக்க மாத்திரையில் பாதியைப் போட்டுப் பார்க்கச் சொல்கிறார். போடலாமா?
- வாசகி, காரைக்குடி

பதில்: வேண்டாம் சகோதரி. அவருக்கு எழுதிக் கொடுத்த மாத்திரை அவருக்கு மட்டும்தான். இந்த வகை மாத்திரைகள் பலவும் சில வாரங்களிலேயே பழகிவிடும். திடீரென்று நிறுத்தினால் முன்பைவிட மோசமாகத் தூக்கம் கெடும்.

உங்கள் கணக்கைப் பாருங்கள். படுக்கையில் ஒன்பது மணி நேரம் இருக்கிறீர்கள். தூங்குவது ஐந்து மணி நேரம் இருந்தால் அதிகம். மீதி நேரமெல்லாம் கவலையில் போகிறது. மாதக்கணக்கில் இப்படியே போனால், தலையணையில் தலை வைத்ததுமே மனசு விழித்துக்கொள்ளப் பழகிவிடும். டிவி முன்னால் சொக்கும் கண் படுக்கைக்குப் போனதும் தெளிந்துவிடுகிறது என்று பலர் சொல்வது இதனால்தான்.

அதனால் படுக்கையில் இருக்கும் நேரத்தைக் குறையுங்கள். இரவு 11.30க்குப் படுத்து காலை 5.30க்கு எழுந்துவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமையும்கூட. ராத்திரி எப்படிப் போயிருந்தாலும் எழும் நேரம் மாறக் கூடாது. விழித்திருக்கும் நேரம் கூடக்கூட மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்து தூக்கத்தை வரவழைக்கும். பகலில் தூங்கினால் அது கரைந்துவிடும். காபியில் இருக்கும் கஃபீன் அதை வேலை செய்யவிடாமல் மறிக்கும். குடித்ததில் பாதி உடம்பை விட்டுப் போகவே சுமார் ஐந்து மணி நேரம் ஆகும். பள்ளி விட்டு வந்ததும் ஒரு டம்ளர் காபி எவ்வளவு இதமானது என்று தெரியும். ஆனாலும் மதியத்துக்கு மேல் காபி, டீ வேண்டாம்.

நடுராத்திரி விழித்தால் மணி பார்க்காதீர்கள், போனையும் எடுக்காதீர்கள். தூக்கம் வரவில்லை என்று தோன்றினால் எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் ஒரு பழைய வார இதழைப் புரட்டுங்கள். கண் சொக்கிய பிறகு வந்து படுங்கள். வேறு அறை இல்லையென்றால் நாற்காலியில் உட்கார்ந்தாலே போதும்.

முதல் ஒன்றிரண்டு வாரம் கஷ்டமாகத்தான் இருக்கும். பகலில் தூக்கம் தள்ளும், ஸ்கூட்டர் ஓட்டுவதைத் தவிருங்கள். பெரும்பாலான இரவுகளில் இடையில் விழிக்காமல் தூங்கத் தொடங்கியதும் 15 நிமிடம் முன்னதாகப் படுக்கலாம். வாரத்துக்கு 15 நிமிடமாகக் கூட்டிக்கொண்டே போய் ஏழு மணி நேரத்தை எட்டுங்கள். ஆர்தர் ஸ்பீல்மன் என்ற உளவியல் நிபுணரும் அவருடைய குழுவினரும் 1987இல் வெளியிட்ட முறை இது. நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்னால் இது போன்ற பயிற்சிகள் அடங்கிய சிகிச்சையைத்தான் தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி என்ற மருத்துவர் அமைப்பு 2016இல் பரிந்துரைத்தது. வலிப்பு நோய் உள்ளவர்களும் மனநலச் சிகிச்சையில் இருப்பவர்களும் மட்டும் டாக்டரைக் கேட்காமல் இதில் இறங்க வேண்டாம்.

பிரஷர் பயம் பற்றி ஒரு வார்த்தை. வருடக்கணக்கில் தூக்கம் குறைந்தால் அதற்கான வாய்ப்பு கூடும் என்பது சரி. ஒரு ராத்திரி தூங்காததால் எதுவும் வந்துவிடாது.

உங்கள் வயதில் மாதவிடாய் நிற்கும் காலத்து உடல் சூடும் வியர்வையும் எழுப்பிவிடலாம். அப்படி இருந்தால் மகப்பேறு மருத்துவரிடம் சொல்லுங்கள், நல்ல சிகிச்சை இருக்கிறது. இன்னொன்று, நீங்கள் பலமாகக் குறட்டை விடுகிறீர்களா, நடுவில் மூச்சு நின்று திணறுகிறீர்களா என்று வீட்டில் கேளுங்கள். ஆமாம் என்றால் நான் சொன்ன நேரக் கணக்கைத் தொடங்காமல் முதலில் நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பார்த்து, தூக்கப் பரிசோதனை தேவையா என்று கேளுங்கள்.