பள்ளி நடைக்கூடச் சுவரில் நிரந்தரமான புடைப்புச் சிற்பம் அமைக்க எந்தப் பொருள் ஏற்றது, எவற்றில் கவனம் தேவை?

பத்தடி நீளச் சுவர், செய்யப்போவது மாணவர்கள், கால்நூற்றாண்டாவது நிற்க வேண்டும் என்று கேள்வியில் குறிப்பிட்டிருக்கிறீர்கள். ஓர் அரசுப் பள்ளியில் மாணவர்களோடு சேர்ந்து இத்தகைய சுவர் ஒன்றைச் செய்திருக்கிறேன்; அந்த அனுபவத்திலிருந்து எழுதுகிறேன்.

என் பரிந்துரை சுடுமண். பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் மலிவானது, வேலையும் விரைவில் முடியும்; ஆனால் ஓதம் ஏறினால் உதிர்ந்துவிடும். ஃபைபர் கிளாஸ் எடை குறைந்தது என்றாலும், அதிலுள்ள ரெசின் தீப்பிடித்தால் கரும்புகையைக் கக்கும் என்பதால், ஆபத்து நேரத்தில் பிள்ளைகள் வெளியேற வேண்டிய வழியில் அதைப் பொருத்துவதை என்னால் ஏற்க முடியாது.

மண்ணைத் தொடுவதற்கு முன் சுவரைப் பாருங்கள். தரையிலிருந்து ஈரம் ஏறும் சுவரானால், சிற்பத்தின் மீது சில மாதங்களில் வெள்ளையாக உப்புப் பூக்கும். அதை முதலில் சரிசெய்யாமல் வேலையைத் தொடங்கக்கூடாது.

களிமண் காயும்போதும் சுடும்போதும் சுருங்கும். எவ்வளவு என்பது மண்ணுக்கு மண் மாறும் என்பதால், ஒரு வில்லையில் 10 செ.மீ. கோடு கீறிச் சுட்டு அளந்துகொள்ளுங்கள். கோடு 9 செ.மீ. ஆனால், பத்தடிச் சுவருக்கு நீங்கள் வனைய வேண்டியது ஏறத்தாழ 11 அடி 1 அங்குலம். சுட்ட ஓட்டைப் பொடித்து மண்ணில் கலந்தால் சுருக்கமும் வெடிப்பும் குறையும்.

முழுச் சிற்பத்தையும் தரையில் கிடத்தி வனைந்து, மண் சற்று இறுகியதும் துண்டுகளாக அறுக்க வேண்டும். பெரிய சுவர்களும் துண்டு துண்டாகச் சுட்டுப் பொருத்தப்பட்டவையே; லக்னோவின் ரவீந்திராலயா கலையரங்கில் ஓவியர் கே. ஜி. சுப்ரமணியன் 1963இல் அமைத்த சுடுமண் சுவர் அதற்குச் சான்று. கட்டம் போட்டு அறுக்காமல், கிளையின் விளிம்பு, ஆற்றின் கரை என உருவத்தின் கோடுகளை ஒட்டியே அறுத்தால் இணைப்புகள் கண்ணை உறுத்தா. தடித்த பகுதிகளின் பின்புறத்தைக் குடைந்து, எல்லா இடத்திலும் ஏறத்தாழ 2 செ.மீ. கனமே இருக்கும்படி செய்யுங்கள். ஒவ்வொரு துண்டின் முதுகிலும் அதன் வரிசை எண்ணை ஆணியால் கீற வேண்டும். நான் மார்க்கர் பேனாவால் எழுதி, சூளையில் எண்கள் அனைத்தும் எரிந்துபோக, ஒரே சாயலில் இருந்த எழுபது இலைகளை இடம் கண்டு அடுக்க இரண்டு நாள் திண்டாடினேன்.

சூளையில் துண்டுகள் வெடித்தால் காற்றுக் குமிழியைப் பழிப்பது வழக்கம். பெரும்பாலும் உண்மையான காரணம் ஈரமே. உள்ளே தங்கிய நீர் 100 டிகிரியில் ஆவியாகி, வெளியேற வழியின்றி மண்ணைப் பிளக்கிறது. ஆகவே செய்தித்தாளால் மூடி இரண்டு மூன்று வாரம் நிழலில் உலர்த்தி, தொடக்கத்தில் தணலை மிக மெதுவாக ஏற்றி, 900 முதல் 1000 டிகிரி வரை சுட்டு, சூளை தானாக ஆறும்வரை திறக்காமல் காத்திருங்கள்.

பொருத்தும்போது அவசரம் கூடாது. சதுர அடிக்கு நான்கைந்து கிலோ எடை இருக்கும். சுவரின் பெயிண்டை முழுவதும் சுரண்டி, பூச்சைக் கொத்திவிட்டு, அடிவரிசையைத் தாங்க இரும்புச் சட்டம் ஒன்றைப் பதியுங்கள். சிமெண்ட் கலவையில் பதிப்பதானால் துண்டுகளை முன்பே நீரில் ஊறவைக்க வேண்டும். இல்லாவிட்டால் சுட்ட மண் கலவையின் நீரை உறிஞ்சிக்கொள்ள, பிடிப்பு போய்விடும். ஒரு நாளைக்கு இரண்டு வரிசைக்கு மேல் ஏற்றாதீர்கள், கொத்தனார் எவ்வளவு அவசரப்படுத்தினாலும். பிள்ளைகளின் தோளுயரம் வரை கூர்முனைகள் எதுவும் நீட்டிக்கொண்டிருக்கக்கூடாது.

முடிந்தபின் பளபளப்புக்காக வார்னிஷ் பூசச் சொல்வார்கள். வேண்டாம், சுவரின் ஈரம் வெளியேற வழியின்றி அது சில ஆண்டுகளில் தோலாக உரியும். பிள்ளைகள் தடவித் தடவி மண் கருத்து மினுங்கும் இடங்களையும் தேய்த்துக் கழுவ வேண்டியதில்லை.